மேகலா இருக்கும்வரை

மகனுக்கு,

இந்த உறையை நான் ஒட்டவில்லை. இதில் எழுதியிருப்பது உனக்கும் எனக்கும் நடுவில் மட்டும் கிடக்கவேண்டிய சங்கதி இல்லை என்பதால் திறந்தே அனுப்புகிறேன். கூடவே ஒரு பத்திரத்தின் ஜெராக்ஸ் இருக்கும். பதினாறு பக்கம், இங்கிலீஷில். போன செவ்வாய்க்கிழமை அலிப்பூரில் ரிஜிஸ்டர் ஆகிவிட்டது. அதைப் படிக்க உனக்கு யார் துணையும் தேவையில்லை. பவானிபூர் வீடு, பொஸ்தா பஜார் கடை, பேங்கில் போட்டுவைத்தது, சாந்த்ராகாச்சி கோடவுனில் பாதி, எதுவும் இப்போது என் பேரில் இல்லை. உன் பேருக்கும் வராது. எல்லாவற்றையும் உன் தங்கை மேகலாவுக்காக ஒரு டிரஸ்டில் போட்டுவிட்டேன். நான் போன பிறகு சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து நீ இதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அப்படியானால் எனக்கு என்ன என்று கேட்பாய். உனக்கும் ஒன்று எழுதியிருக்கிறேன். அதற்கு வருகிறேன், மெதுவாகத்தான் வருவேன். நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு வந்தவனை டாக்டர் அவசரப்படக் கூடாது என்றிருக்கிறார்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நீ பாலிகஞ்ச் ஃபிளாட்டிலிருந்து வந்தாய். கையில் ஆப்பிள், மாதுளை. வராதவன் வந்திருக்கிறான் என்று மேகலா உன் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. நீ அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தக் கையை சோபாவின் மேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

“ஒண்ணும் ஆகாதுப்பா. ஆனாலும் ஒரு சேஃப்டிக்கு உயில் எழுதி வெச்சிருங்க. ஒரு பக்கம் போதும்.”

“மேகலாவுக்கு?”

“அவளுக்கு என்னப்பா, நான் இல்லையா? அவ பேர்ல எழுதினா அவ என்ன பண்ணுவா, கையெழுத்துப் போடுவாளா? எல்லாம் என் பேர்ல இருக்கட்டும், அவள நான் பாத்துக்கறேன்.”

நீ சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. முப்பது வயது உடம்பில் ஐந்து வயதுக் குழந்தையாக இருப்பவள் பேரில் ஒரு வீட்டை எழுதி வைத்தால் அது அவளுக்கு வீடாகாது, யாரோ ஒருவருக்கு வேட்டையாகும். அதனால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாச் சொத்தையும் நல்லா இருக்கிற பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அவன் மனசாட்சியை நம்பிக் கண்ணை மூடுகிறார்கள். நானும் தலையாட்டினேன். வந்து பேசிக்கொள்ளலாம் என்றேன். மேகலாவை மூன்று வாரத்துக்கு உன் வீட்டில் விட்டுவிட்டு வேலூருக்கு ரயில் ஏறினேன்.

நான் ஜவ்வரிசி விற்றுப் பிழைத்தவன். ராசிபுரத்திலிருந்து ஒரு துணிப்பையில் சாம்பிளோடு கொல்கத்தாவுக்கு வந்து ஹவுராவில் இறங்கியபோது எனக்குத் தெரிந்த வங்காளி ஒரே ஒரு வார்த்தை, சாபு. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைக்கிற ஜவ்வரிசிக்கு இங்கே அதுதான் பேர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். மூட்டையின் வாயைத் திறந்து காட்டுகிறவனை அன்று முதல் நான் நம்பியதில்லை. வாயில் இருப்பது எப்போதும் முத்து முத்தாகத்தான் இருக்கும். நான் குத்தூசியை எடுத்து மூட்டையின் அடிமூலையில் குத்தி இழுப்பேன். மக்காச்சோள மாவு கலந்த சரக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். உன்னைப் பெற்று இத்தனை வருடத்தில் உன்மேல் ஒருமுறைகூட நான் குத்தூசி வைத்ததில்லை. அந்த மூன்று வாரம் வைத்தேன். சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குத்தினால் எந்த மூட்டையும் நல்ல மூட்டைதான்.

திரும்பி வந்து டாக்ஸியை விட்டு இறங்கும்போது உன் பக்கத்தில் நின்றது யாரோ ஒரு பையன் என்று நினைத்தேன். “அப்பா” என்று கத்திக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் மேகலா என்று தெரிந்தது. இடுப்புவரை இருந்த முடி காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தது. உன் அம்மா சாகும்வரை தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட முடி. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பவள் அந்த அரை மணி நேரம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்காருவாள். அம்மா போன பிறகு வேலைக்கார மாசி அதே நேரத்துக்கு அதே முக்காலியில் உட்காரவைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

“என்னடா இது?”

“மெயின்டெய்ன் பண்றது கஷ்டம்ப்பா. வெயிலுக்கும் நல்லா காத்தோட்டமா இருக்கும். பாருங்க, க்யூட்டா இல்ல?”

பார்லரில் அவள் அழுத அழுகையில் வெட்டுகிற பெண்ணே பாதியில் நிறுத்திவிட்டாளாம். நீ வெளியே காரில் போன் பேசிக்கொண்டிருந்தாயாம். உள்ளே வந்து, முழுசாக வெட்டிவிடு என்று சொல்லிவிட்டு மறுபடி போய்விட்டாயாம். அன்று அவளைப் பார்க்க உன் வீட்டுக்குப் போயிருந்த மாசி சொன்னாள். உன் மனைவி வேண்டாம் என்றாள் என்பதையும் அவளே சொன்னாள். ஆகவே அந்தப் பெண்ணின் மேல் பழியைப் போடாதே.

அன்று சாயங்காலம் மேகலா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். கையை இறுக மூடிக் காட்டினாள்.

“அப்பா, நான் ஃபிதே பிடிச்சேன்.”

ஃபிதே என்றால் அளவு நாடா. “எங்கம்மா பிடிச்சே?” என்றேன்.

“இங்கதான். அண்ணா டைட்டா பிடின்னான். நான் விடவே இல்ல. மோட்டா காக்கு லஜென்ஸ் குடுத்தாரு.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மூலையாகக் காட்டினாள். பூஜை அறை, அம்மாவின் அறை, கடைசியாக அவள் படுக்கிற கட்டிலின் தலைமாடு. ஒவ்வொரு மூலையிலும் குனிந்து, நாடாவின் நுனியைப் பிடிப்பதுபோல் பிடித்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். பவானிபூரில் பழைய வீட்டுக்குள் மிட்டாயும் நாடாவுமாக வருகிற குண்டு ஆசாமி யார் என்பது தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியும். நான் மூக்கிலும் நெஞ்சிலும் குழாயோடு கிடந்தபோது நீ பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுகிற ப்ரொமோட்டரைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டை அளந்தாய். அளந்ததுகூடப் போகட்டும், நானும் இதேபோல் மற்றவர்கள் வீட்டை அளந்தவன்தான். நாடாவின் மறுநுனியைப் பிடிக்க அவளையா கூப்பிட்டாய்? ஒரு ஆளைக் கூலிக்குப் பிடித்திருக்கலாமே.

நீ கெட்டவன் என்று எழுத நான் உட்காரவில்லை. கெட்டவனாக இருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நீ அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. உன் சௌகரியத்தைப் பார்த்தாய். முடி சௌகரியமாக இல்லை, வெட்டினாய். வீடு சௌகரியமாக இல்லை, அளந்தாய். ஒருநாள் மேகலாவே சௌகரியமாக இல்லை என்று தோன்றும். அன்றைக்கும் காத்தோட்டம் மாதிரி ஒரு நல்ல வார்த்தை உன் வாயில் தயாராக இருக்கும். நல்ல வார்த்தைக்கு உன்னிடம் பஞ்சமே இருந்ததில்லை. அதை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

உனக்குப் பத்தொன்பது வயது, காலேஜில் இருந்தாய். தொண்ணூறுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. மஞ்சள் காமாலையில் உன் பெரியப்பா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சாந்த்ராகாச்சி கோடவுனை அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கினோம், பத்திரத்தில் பாதிப் பாதி. பெரியம்மா தன் பெண் வள்ளியைக் கூட்டிக்கொண்டு ராசிபுரத்திலிருந்து வந்தார்கள், பங்கு என்ன ஏது என்று கேட்க. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. நான் வக்கீலை வைத்து நாலு பக்கத்தில் விடுதலைப் பத்திரம் எழுதி வைத்திருந்தேன். என் கணவரின் பாதியை அவர் தம்பிக்கே விட்டுக்கொடுக்கிறேன், இனி எனக்கோ என் மகளுக்கோ எந்த உரிமையும் இல்லை என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நானே படித்துக் காட்டினால் சந்தேகம் வரும். பெற்ற பிள்ளை மாதிரி வளர்ந்தவன் படித்தால் வராது. மூன்றாம் பக்கத்தைத் தாண்டிவிடு என்று உன்னிடம் சொன்னேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இந்த வயதில் அடிக்கடி யோசிக்கிறேன்.

நீ பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாய். மூன்றாம் பக்கம் வந்தது. நான் சொன்னபடி தாண்டியிருந்தால் அது என் பாவத்தோடு போயிருக்கும். நீ நிறுத்தி, பெரியம்மாவின் கையைத் தொட்டு, “இனிமே வரி ரசீது அப்பா பேர்ல வரும்னு போட்டிருக்கு பெரியம்மா. மத்தபடி உங்க பங்கு எப்பவும் உங்க பங்குதான்னும் போட்டிருக்கு” என்றாய். அந்த இரண்டாவது வரியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது உன் சொந்தச் சரக்கு. பெரியம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் ஹவுராவில் ரிஜிஸ்டர் ஆனது. வள்ளியின் படிப்புச் செலவு என்னுடையது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு வருடம் அனுப்பினேன், பிறகு நிறுத்தினேன். அன்று சாயங்காலமே உன்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டேன். பையன் தேறிவிட்டான் என்று எனக்கு அத்தனை சந்தோஷம். உன் அம்மா மட்டும் சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “அவன் நாக்கு உங்க நாக்குங்க. ஒரு நாளைக்கு உங்களுக்கே படிச்சுக் காட்டுவான்.”

வேலூரிலிருந்து வந்த நாலாம் நாள் தையல் ஆறாத நெஞ்சோடு அலிப்பூருக்குப் போனேன். வக்கீல் பாபு உனக்குத் தெரிந்தவர்தான், நம் கடை வாடகைக் கேஸை நடத்தினவர்.

“உயிலா தாதா, டிரஸ்டா?” என்றார்.

“என்ன வித்தியாசம்?”

“உயில் நீங்க போனப்புறம் பேசும். அப்ப பதில் சொல்ல நீங்க இருக்கமாட்டீங்க. உயில் செல்லும்னு ப்ரொபேட் வாங்க ஹைகோர்ட் போகணும், மகன் ஆட்சேபம் போட்டா வருஷக்கணக்குல இழுக்கும். அதுவரைக்கும் பொண்ணு சாப்பாட்டுக்கு அவன் கையப் பாக்கணும். டிரஸ்ட் இப்பவே பேசும். ஆனா ஒண்ணு, திருப்பி எடுக்க முடியாதபடி எழுதி ரிஜிஸ்டர் பண்ணிட்டா அந்த நிமிஷத்துலேர்ந்து வீடு உங்களுது இல்ல. அதுல நீங்களும் ஒரு குடித்தனக்காரர்.”

“என் மகனுதும் இல்லியே?”

“இல்ல.”

“போதும், எழுதுங்க.”

டிரஸ்ட் என்றால் கோயில், பள்ளிக்கூடம் நடத்துகிற ஆட்களின் வேலை என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று அன்றுதான் தெரிந்தது. சொத்து ஒருவர் கையில் இருக்கும், அனுபவிப்பது இன்னொருவராக இருப்பார். கையில் வைத்திருப்பவர் டிரஸ்டி. அவர் அதைத் தின்ன முடியாது, விற்க முடியாது, பத்திரத்தில் எழுதியதை மட்டும் செய்யலாம். செய்யாவிட்டால் கோர்ட்டுக்கு இழுக்கலாம். எங்கள் அண்ணன் தம்பி வழக்கத்தில் இதற்குப் பேர் நம்பிக்கை, வாயால் சொன்னால் போதும் என்று இருந்தோம். வாயால் சொன்னதை நான் என்ன செய்தேன் என்று மேலே எழுதிவிட்டேன். ஆகவே வீட்டை மேகலா இருக்கும்வரை யாரும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று எழுதச் சொன்னேன். மாசி அவளோடேயே இருப்பாள், மாசிக்குச் சம்பளம் டிரஸ்டிலிருந்து. எதற்கும் இரண்டு டிரஸ்டிகள் கையெழுத்து வேண்டும். ஒருவர் வக்கீல் பாபு. மேகலாவின் முடியை யாரும் வெட்டக் கூடாது என்று ஒரு ஷரத்து போடச் சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது தாதா என்றார். நிற்கவேண்டாம், படிக்கிறவன் கண்ணில் படட்டும் என்றேன். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்.

அதற்குப் பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. “பொண்ணு காலத்துக்கப்புறம் மிச்சம் யாருக்கு? மகனுக்குத்தானே?” என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம்.

“நிறுத்துங்க பாபு. அவ செத்தா அவனுக்கு லாபம்னு எழுதச் சொல்றீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க பையன் அந்த மாதிரி ஆளா தாதா?”

“என் பையன்ங்கறதாலதான் சொல்றேன்.”

ஆகவே மேகலாவுக்குப் பிறகு மிச்சம் எல்லாம் இவளைப் போன்ற பெண்களை வைத்துக் காப்பாற்றுகிற ஓர் இல்லத்துக்குப் போகும். தமிழ்நாட்டில், ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம். அவர்களுக்கு மேகலாவின் பேர்கூடத் தெரியாது. அவள் எப்போது சாவாள் என்று காத்திருக்க அங்கே ஆள் இல்லை. வேறு யாருக்கு எழுதினாலும் ஒரு ஆள் காத்திருப்பான்.

இன்னொரு டிரஸ்டி யார் என்பதைப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே பார்த்திருப்பாய். வள்ளி. ஒரு பேங்கில் ஆபீசராக இருக்கிறாள், மாற்றலாகி கொல்கத்தா வந்து மூன்று வருடம் ஆகிறது. நம் வீட்டு வாசலை மிதித்ததில்லை. நான் போனேன். டோக்கன் எடுத்துக்கொண்டு, பென்ஷன்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, என் நம்பர் வந்ததும் அவள் மேஜைக்கு எதிரில் போய் நின்றேன்.

“சொல்லுங்க சார்” என்றாள் நிமிராமல். பிறகு நிமிர்ந்தாள். “உக்காருங்க சித்தப்பா.”

மூன்றாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். பின்னால் நின்ற ஆட்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள். அவள் ஏதோ காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“எங்களுக்குத் தெரியுமே.”

“என்னம்மா தெரியும்?”

“அன்னிக்கே அம்மாவுக்குத் தெரியும். புரட்டினது நாலு பக்கம், அண்ணன் பேசினது மூணு பக்கத்துக்குத்தான் இருக்கும்னாங்க. அவங்க எதிர்ச் சுவத்துல கடிகாரம் இருந்துச்சாம்.”

“அப்புறம் எதுக்கும்மா கையெழுத்துப் போட்டாங்க?”

“போடலைன்னா ஊருக்கு டிக்கெட் யாரு எடுப்பா சித்தப்பா? வரும்போது ஒரு வழிக்குத்தான் காசு கொண்டுவந்தோம்.”

சாந்த்ராகாச்சி கோடவுனை முழுசாக அவர்கள் பேருக்கே எழுதிவிடுகிறேன் என்றேன். பாதிதான் எங்களுது, பாதிக்கு மட்டும் எழுதுங்க, உங்க பாதி எனக்கு எதுக்கு என்றாள். அப்படியே எழுதிவிட்டேன், தனிப் பத்திரமாக, டிரஸ்டோடு கலக்காமல். அதற்குப் பிறகுதான் மேகலாவுக்கு டிரஸ்டியாக இருப்பாயா என்று கேட்டேன். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

“எங்க சொத்தைத் தின்னவரு உங்க சொத்துக்கு என்னையக் காவல் வெக்கிறீங்களா?”

“ஆமாம்மா. தின்னா என்ன ஆகும்னு உனக்குத்தான் தெரியும்.”

“டிரஸ்டிக்குச் சம்பளம் உண்டா?”

“கேட்டா போடறேன்.”

“போடுங்க. சும்மா செய்யறேன்னு சொல்றவங்கதான் பின்னாடி எடுத்துக்குவாங்க. எனக்கு வேற ஊருக்கு டிரான்ஸ்பர் வந்தா?”

“கையெழுத்து தபால்ல வரும். நீ மூணு மாசத்துக்கு ஒருதடவ நேர்ல வந்து அவளப் பாக்கணும். டிரஸ்ட்டே டிக்கெட் எடுக்கும். ரெண்டு வழிக்கும்.”

பிறகு, “மேகலா இன்னும் பின்னல் போட்டுக்கறாளா?” என்று கேட்டாள். நான் எழுந்துகொண்டேன். அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன், மணி அடித்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

பத்திரம் தயாரானதும் எனக்கும் அதே பிரச்சினை. பதினாறு பக்கம் இங்கிலீஷ், எனக்குக் கூட்டிப் படிக்கத்தான் வரும். வக்கீலைத் தனியாக உட்காரவைத்து வங்காளியில் சொல்லச் சொன்னேன். இன்னொரு நாள் வள்ளியைத் தனியாக உட்காரவைத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். இரண்டு நாளும் மேஜையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு பக்கமும் ஒத்துப்போனது. பெரியம்மாவிடம் கற்றுக்கொண்ட வித்தை. பதினைந்து வருடம் கழித்தாவது கற்றுக்கொண்டேன்.

இனி உனக்கு. பதின்மூன்றாம் பக்கத்தில் மாதம் ஒரு தொகை எழுதியிருக்கிறேன். சின்னத் தொகை இல்லை, உன் ஃபிளாட் தவணை அடைந்து மிச்சமும் இருக்கும். ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பவானிபூர் வீட்டுக்கு வந்து மேகலாவோடு இருக்கவேண்டும். வந்தாயா என்று வள்ளி உன்னைக் கேட்கமாட்டாள், மாசியைக் கேட்கமாட்டாள், மேகலாவைத்தான் கேட்பாள். அண்ணா வந்தானா, உன் கையைப் பிடித்துக்கொண்டானா என்று கேட்பாள். மேகலாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. டிரஸ்டிகளுக்குத் திருப்தி ஏற்பட்டால் என்று வக்கீல் அதை நாசூக்காக எழுதியிருக்கிறார், கோர்ட்டுக்குப் போய் அந்த வார்த்தையை உன்னால் அசைக்க முடியாது. இரண்டு, மேகலா செத்த மாதத்தோடு அந்தப் பணம் நின்றுவிடும். அவள் எத்தனை காலம் இருக்கிறாளோ அத்தனை காலம்தான் உனக்கும் வரும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் இனிமேல் நீ பதறுவாய். அன்பினால் பதறுகிறாயா, பணத்துக்காகப் பதறுகிறாயா என்று யாரும் உன்னைக் கேட்கப்போவதில்லை. அவளுக்கு டாக்டர் வந்தால் சரி.

உன்னிடம் சொல்லாத ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். உனக்குப் பதினாறு வயதிருக்கும். துர்கா பூஜை அஷ்டமி அன்று பந்தலில் கூட்டம் நெரித்தது. தாக்கூர் சிலையின் முகம் தெரியவில்லை என்று மேகலா அழுதாள். நீ அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாய், சின்னக் குழந்தை இல்லை, பன்னிரண்டு வயதுப் பெண். தாக் மேளத்தின் அடி கேட்டு அவள் பயந்துபோய் உன் தோளிலேயே சிறுநீர் கழித்துவிட்டாள். புதுச் சட்டை முழுக்க நனைந்து முதுகில் வழிந்தது. உன் சிநேகிதர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். நீ அவளை இறக்கவில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை, ஒரு மணி நேரம் இருக்கும், அப்படியே நின்றாய். வீட்டுக்கு வந்ததும் கைதவறி ஷர்பத் கொட்டிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சட்டையை நீயே துவைத்தாய். அதுவும் பொய்தான், உன் நாக்கு அன்றைக்கும் சுருக்கென்றுதான் வேலை செய்தது. நான் நாலு ஆள் தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று உனக்கு நான் கடிகாரம் வாங்கிக் கட்டவில்லை. மூன்று வருடம் கழித்து எதற்கு வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். உன்னை நான் கெடுத்தது அந்த இரண்டு நாளுக்கு நடுவில்தான். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் பதின்மூன்றாம் பக்கத்தை எழுதினேன், இல்லாவிட்டால் உனக்கு அதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. இதை ஏன் தமிழில் எழுதினேன் என்று யோசிப்பாய். நீ தமிழ் பேசுவாய், படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து உன்னை நிறுத்தியவன் நான்தான். கொல்கத்தாவில் தமிழ் விலைபோகாது, அந்த நேரத்தில் கணக்குப் படிக்கட்டும் என்றேன். அதனால் இந்தக் கடிதத்தை யாராவது உனக்குப் படித்துக் காட்டியாக வேண்டும். வள்ளியிடம் கொடுத்தனுப்புகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து உன் எதிரில் உட்கார்ந்து அவளே படிப்பாள். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உனக்குப் பிடிக்காத பக்கம் எதுவாக இருந்தாலும் தாண்டிக்கொள்ளம்மா, யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எதையாவது விட்டுவிட்டாளா என்று சந்தேகம் வந்தால் வெளியில் தமிழ் தெரிந்த யாரிடமாவது கொடுத்துச் சரிபார்க்கலாம். ஆனால் அந்த ஆளும் முழுவதையும் படிப்பான், பெரியம்மாவையும் சேர்த்து. உனக்கு அந்தத் தைரியம் வராது.

மொத்தம் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். நான் வாங்கிக் கொடுத்த கடிகாரத்தை நீ இன்னும் கட்டுகிறாய் என்று தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே கேள். இதில் ஒரு பக்கம் உன்னைப் பற்றி நல்லதாக எழுதியிருக்கிறேன், நீ பிறந்ததிலிருந்து என் வாயிலிருந்து வராத பேச்சு. அது உன் காதுக்கு வந்திருந்தால் வள்ளி உன்னை மன்னித்துவிட்டாள் என்று வைத்துக்கொள். வராமல் இருந்தால், அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் கையெழுத்துப் போட்ட பெரியம்மாவுக்கு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள். ஒருவேளை இந்தக் கடைசிப் பக்கத்தையே வள்ளி படிக்காமல் மடித்து வைத்துவிடலாம். அப்படியானால் நீ எதையும் இழந்ததாகவே நினைக்கமாட்டாய். அவளுக்கு டீ கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்புவாய்.

அப்பா